பிடிக்காத மணம்

சவரச் சோப்பு சிறிய பொருள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டக் கட்டி. ஆனால் விரைவில் தீர்ந்துபோகும் பொருளன்று. குளியல் சோப்பு வீட்டார் அனைவர் கையிலும் கரைகிறது. சவரச் சோப்போ ஒருவர் முகத்துக்கு மட்டும், ஈரத் தூரிகையின் நுனி தொட்டெடுக்கும் அளவே தேய்கிறது. ஒரு கட்டி பல திங்கள் உழைக்கும். முகம் முழுவதும் மழிப்பவர்க்கு மட்டுமன்று, தாடி வளர்த்துக் கன்னத்தையும் கழுத்தையும் ஒழுங்கு செய்து கொள்பவர்க்கும் அது வேண்டியதே.

அத்தகைய கட்டி ஒன்றை ஒருவர் விலை கொடுத்து வாங்குகிறார். நுரை அடர்ந்து எழுகிறது, கத்தி வழுக்கிச் செல்கிறது, தோல் எரியவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: அதன் மணம் அவருக்குப் பிடிக்கவில்லை. நுரை பூசும் இடமோ மூக்கிற்கு நேர் கீழே! விலகிப் போகவும் வழியில்லை. இனி அந்தக் கட்டியை அவர் என்ன செய்வது? எறிந்து விடுவதா? கடைக்காரரிடம் திருப்புவதா? யாருக்கேனும் கொடுத்து விடுவதா? பொறுத்துக்கொண்டு தீர்ப்பதா?

இதுவும் ஒரு கேள்வியா என நகைப்போர் இருக்கலாம். ஆனால் நம்முடைய நேர்மையும் சிக்கனமும் பிறர்பால் நாம் வைத்திருக்கும் மதிப்பும் பெரும்பாலும் சோதிக்கப்படுவது, யாரும் பார்க்காத இத்தகைய சிறு பொருள்களில்தான். மேலும், இச்சிறு கேள்விக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நாம் சொல்லும்போது யாரைப் பற்றிச் சொல்கிறோம்? அந்தப் பொருளைப் பற்றியா? நம்மைப் பற்றியா?

முதலில் பொருளைப் பார்ப்போம். கொழுப்போ எண்ணெயோ காரத்துடன் சேர்ந்து சோப்பாகிறது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் கெட்டியான சோப்பும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் இளகிய சோப்பும் கிடைக்கும். சவரச் சோப்பில் பலவேளை இரண்டையும் கலந்தே பயன்படுத்துவர். ஸ்டியரிக் அமிலம் மிகுந்திருப்பதால் அதன் நுரை எளிதில் உலராமல் நிற்கும். அந்நுரைக்கு இரண்டு கடமைகள். முடி நீரை உறிஞ்சி மென்மையாகும் வரை அந்நீரை முகத்தில் நிறுத்தி வைப்பது ஒன்று. கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கலாக இருப்பது மற்றொன்று. இவ்விரண்டு கடமைகளிலும் மணத்துக்குப் பங்கே இல்லை. அது மிகச் சிறிய அளவில் பின்னர் சேர்க்கப்படுவது. அஃது இல்லாவிடினும் சோப்பு சோப்பாகவே இருக்கும். எனவே, மணம் பிடிக்காத சோப்பு கெட்டுப்போன சோப்பு அன்று. தன் கடமையைக் குறைவறச் செய்யும் ஒரு பொருளின்மீது நமக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் அது, அவ்வளவே.

அம்மனத்தாங்கல் எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தின் வேதியியலறிஞர் வில்லியம் பெர்கின், 1868ஆம் ஆண்டு கூமரின் என்னும் மணப்பொருளைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். 1882இல் பாரிஸ் நகரத்து ஊபிகான் நிறுவனம், லாவெண்டர், கூமரின், ஓக் மரப்பாசி ஆகியவற்றை இணைத்து ‘ஃபூஜேர் ராயல்’ என்றொரு நறுமண நீரை வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பெரணிச் செடி. பெரணிக்கு அப்படியொரு மணம் கிடையாது, பெயர் கற்பனையே. ஆனால் அந்தச் சேர்க்கை மேலைநாட்டு ஆண்களின் சவரப் பொருள்களில் புகுந்து, ‘சவரம் செய்த முகத்தின் மணம் இதுதான்’ என்னும் எண்ணத்தையே உருவாக்கி விட்டது. இன்றும் அம்மணத்தை முகர்ந்து ‘தூய்மை’ என்று மகிழ்பவர் உண்டு. ‘மருந்து நெடி’ என்று முகம் சுளிப்பவரும் உண்டு. சோப்பு ஒன்றே, தீர்ப்புகள் இரண்டு.

இவ்வேறுபாட்டுக்கு உடலிலேயே ஓரளவு காரணம் உண்டு. மணங்களை உணரும் ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்தனர். அதற்காக 2004ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. மனிதனிடம் இத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை இயங்குகின்றன. அவை எல்லோரிடத்தும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆண்ட்ரோஸ்டினோன் என்றொரு பொருள் உண்டு. அது சிலருக்குச் சிறுநீர் நெடியாகவும், சிலருக்கு இனிய மணமாகவும் தோன்றுகிறது. வேறு சிலருக்கோ அதில் மணமே தெரிவதில்லை. இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி ஒரேயொரு ஏற்பியின் மரபணு மாற்றத்தால் விளைவது என 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒரே கட்டியை முகரும் இருவர் உண்மையிலேயே இருவேறு மணங்களை முகரக்கூடும். அவர்களுள் பொய்யர் எவருமில்லை.

உடலைப் போலவே நினைவும் மணத்தை மாற்றுகிறது. கற்பூரத்தையே எடுத்துக்கொள்வோம். மய்யித்தைக் குளிப்பாட்டுகையில் இறுதியாக ஊற்றும் நீரில் கற்பூரம் கலப்பது நம் வழக்கம். அதனால் அம்மணம் நம் வீடுகளில் பலருக்குப் பிரிவின் மணம். அதைக் கேட்டவுடன் நெஞ்சு கனக்கும். இந்து அன்பர்களுக்கோ அது கோயிலின் மணம், தீபாராதனையின் நினைவு. சளி பிடித்த குழந்தையின் மார்பில் தைலம் தேய்த்துவிடும் தாய்க்கு அது ஆறுதலின் மணம். கற்பூரம் இம்மூவரையும் அறியாது. அது தன் இயல்பில் ஆவியாகிறது. பொருள் கொடுப்பவர்கள் நாமே.

நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் மணம். பூவின் நறுமணத்தைக் கூறவும் அச்சொல்லே ஆளப்பட்டது. இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். பூக்கள் மாறவில்லை, சொல்லைப் பயன்படுத்தியவர்களின் விருப்பு வெறுப்பே மாறியிருக்கிறது.

அப்படியாயின், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாகாதா? சொல்லலாம், அதில் குற்றமில்லை. எப்படிச் சொல்வது என்பதற்கு நமக்கு ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் வந்திறங்கியபோது அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். தமக்கு வரும் உணவை உண்டு, எஞ்சியதை அவருக்கு அனுப்பி வைப்பது வழக்கம். ஒருநாள் உணவு தொடப்படாமலே வந்தது. அதில் பூண்டு சேர்ந்திருந்தது. அபூ அய்யூப் (ரலி) பதறி, ‘இது விலக்கப்பட்டதா?’ என வினவினார். விலக்கப்பட்டதன்று, அதன் வாடையின் காரணமாகத் தாம் அதை விரும்பவில்லை என்னும் கருத்துப்பட அண்ணலார் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். வெறுப்பு மறைக்கப்படவில்லை, அது சட்டமாகவும் ஆக்கப்படவில்லை. உணவின்மீது பழி சுமத்தப்படவில்லை. உணவு வீணாக்கப்படவுமில்லை; உண்ணக்கூடிய ஒருவரிடம் சென்று சேர்ந்தது. ஏன் என்று அவர் கேட்டபோது உண்மையான காரணம் ஒளிவின்றிச் சொல்லப்பட்டது. தன் விருப்பின்மையைத் தன்னளவில் நிறுத்திக்கொள்ளும் இந்த நாகரிகத்தைத்தான் நாம் பெரும்பாலும் இழந்து விடுகிறோம். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது சாட்சியம். ‘இது கேவலமானது’ என்பது தீர்ப்பு. சாட்சி சொல்லவேண்டியவர் நீதிபதியின் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொள்வதே இங்கு நேரும் தவறு.

அத்தவறு சோப்போடு நின்றுவிட்டால் கவலையில்லை. அது மனிதர்கள்மீதும் பாய்கிறது. மீன் வாடை ஆகாது, இறைச்சி சமைக்கும் மணம் ஆகாது என்று சொல்லி வாடகைக்கு வீடு மறுப்பவர்களை நகரங்களில் நம்மவர் பலர் கண்டிருக்கின்றனர். அந்த வலி நமக்குத் தெரியும். ஆனால் தோல் பதனிடும் தொழிற்கூடத்திலிருந்து வேலை முடித்து வரும் தொழிலாளி பேருந்தில் பக்கத்தில் அமரும்போது ஒதுங்கி உட்கார்பவர்களில் நம்மவரும் உண்டல்லவா? ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் அத்தொழிலால் வாழும் ஊர்கள். அவ்வூர்களில் செல்வம் பெற்ற வீடுகளில் அத்தர் மணக்கலாம். அச்செல்வம் எந்த நெடியின் நடுவிலிருந்து வந்தது என்பதை அந்த வீடுகள் மறக்கலாகாது. மூக்கின் சுளிப்பு ஒரு மனிதனைப் பற்றிய மதிப்பீடாக மாறும்போது, அற்பமாகத் தொடங்கியது அநீதியாக முடிகிறது.

இனி நம் கட்டியிடம் திரும்புவோம். இரண்டு நிலைகளை முதலில் பிரித்து வைக்க வேண்டும். சோப்பைப் பூசியவுடன் தோல் சிவந்து அரிக்கிறது, அல்லது மூச்சு இழுக்கிறது என்றால் அது பிடிக்காமை அன்று, ஒவ்வாமை. மணப்பொருள்களில் சில ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டின் ஆணை ஒன்றில் 26 பொருள்களைக் குறித்து, அவை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் மேலுறையில் பெயர் அச்சிடவேண்டும் என விதித்தது. கூமரினும், லாவெண்டரில் உள்ள லினலூலும் அப்பட்டியலில் அடங்கும். ஒவ்வாத சோப்பை அன்றே நிறுத்திவிட வேண்டும். இங்கே பொறுமை அறமாகாது. இரண்டாவது, மனச்சான்றின் நிலை. சவரச் சோப்புகளில் விலங்குக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வி ஒரு முஸ்லிமுக்கு எழுவது இயல்பு. அது நெறியைப் பற்றிய கேள்வி, மூக்கைப் பற்றியதன்று. நெறிக்காக விலக்குவதையும் சுவைக்காக விலக்குவதையும் ஒன்றாகக் குழப்பி, நம் மூக்கின் வெறுப்புக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.

இவ்விரண்டும் இல்லை, மணம் மட்டுமே சிக்கல் என்றால், திருப்பிக் கொடுக்கலாமா? 1197இல் மறைந்த மர்கீனானி அவர்களின் ‘ஹிதாயா’ என்னும் ஹனஃபி சட்டநூல், பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு என்கிறது. கண்பார்வையற்றவர் வாங்கும் பொருள் முகர்ந்து அறியக்கூடியதாயின், அவர் முகர்ந்ததே பார்த்ததற்கு ஒப்பாகும் எனவும் அந்நூல் நுணுக்கமாகக் கூறுகிறது. முகர்தலை ஒருவகைப் பார்வையாகவே மதித்திருக்கிறார்கள்! இதிலிருந்து நாம் கற்கத்தக்க ஒழுங்கு எளியது: உறையைப் பிரிக்குமுன் கேள்; முகர்ந்து பார்க்க இயலுமா என்று கடைக்காரரை வினவு. உறை பிரித்து, நீரில் நனைத்து, நுரை எழுப்பிய பிறகு அது நம்முடையது. ‘பழுதான சரக்கு’ என்று பொய் சொல்லித் திருப்பினால், நம் மூக்கின் விருப்பத்துக்கான விலையை ஒரு சிறு வணிகர் தலையில் கட்டுகிறோம்.

எறிந்து விடுவதோ வீண்விரயம். விலை சிறிது என்பது விடையாகாது. எத்தனையோ கைகளின் உழைப்பும் எங்கோ விளைந்த எண்ணெயும் அந்தக் கட்டிக்குள் இருக்கின்றன.

கொடுத்து விடுவதைப் பற்றித்தான் மிகவும் கவனமாக எண்ண வேண்டும். ஏனெனில் இங்கே தவறு நன்மையின் ஆடை அணிந்து வருகிறது. வேண்டாத சோப்பை வீட்டு வேலைக்காரரிடமோ வாசலில் நிற்கும் ஏழையிடமோ நீட்டி, அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது நம்மிடையே சாதாரணம். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 267ஆம் வசனம் இதையே தொட்டுப் பேசுகிறது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே ஏற்கமாட்டாத மட்டமானதைத் தேடியெடுத்துக் கொடுக்க முனையாதீர்கள் என்பது அதன் கருத்து. ஏழைகள் உண்பதற்காகப் பள்ளிவாசலில் பேரீச்சங்குலைகளைத் தொங்கவிடும் வழக்கத்தில், சிலர் மட்டமான குலைகளைக் கொண்டுவந்ததை ஒட்டி அவ்வசனம் அருளப்பட்டதாக விரிவுரைகள் கூறுகின்றன.

ஆனால் நம் சோப்பு மட்டமான பொருளன்று என முன்னரே கண்டோம். அப்படியானால் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ‘நல்ல சோப்பு, சில நாள் பயன்படுத்தியிருக்கிறேன், இதன் மணம் எனக்கு ஒத்து வரவில்லை, உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.’ மற்றொன்று, மறுக்கக்கூடிய ஒருவரிடம் கொடுக்க வேண்டும். நண்பர் முகர்ந்து பார்த்து, ‘எனக்கும் வேண்டாம் பாய்’ என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தருவார். நம்மிடம் சம்பளம் வாங்குபவரால் அப்படிச் செய்ய இயலாது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். அந்த நன்றி அவருடைய மூக்கிலிருந்து வருவதன்று, அவருடைய தேவையிலிருந்து வருவது. மறுக்க முடியாதவரிடம் வேண்டாததைக் கொடுப்பது கொடையன்று. அவருடைய விருப்பையும் வெறுப்பையும் ஒரு பொருட்டாக எண்ணாமையே ஆகும். முடிதிருத்தும் தொழிலாளி நாள்முழுவதும் ஒரே சோப்பின் மணத்தில் நிற்கிறார். அது அவருக்குப் பிடிக்குமா என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா? பிடிக்காததை விலக்கிவைக்கும் வசதியே ஒரு செல்வம். அச்செல்வம் இல்லாதவர்க்கும் மூக்கு உண்டு.

எஞ்சிய வழி, பயன்படுத்தித் தீர்ப்பது. இது நோன்பு போன்ற கடுந்தவமன்று. சில எளிய உபாயங்கள் போதும். உறையை நீக்கி, காற்றோட்டமான நிழலில் சில வாரங்கள் கட்டியை வைத்தால் விரைவில் ஆவியாகும் மணங்கள் முதலில் அகலும். நெடியின் கூர்மை மழுங்கும். கொதிநீரின் ஆவி மணத்தை மேலெழுப்புவதால் வெதுவெதுப்பான நீரே நல்லது. முடித்தபின் முகத்தைக் குளிர்ந்த நீரால் நன்கு கழுவி, தனக்குப் பிடித்த அத்தரில் ஒரு துளி தடவிக்கொண்டால் முந்திய மணம் பின்வாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கே நமக்கு உதவுகிறது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அது அதை உணர்வதைக் குறைத்து விடும். எனவே உண்மையான தொல்லை காலையில் முதற்சில நிமிடங்களே. முகத்துக்கு எவ்வகையிலும் ஆகாதென்றால், கை கழுவவும் சட்டைக் கழுத்தின் அழுக்கைத் தேய்க்கவும் அக்கட்டி உதவும்.

‘வாழ்க்கையில் இன்பங்களே குறைவு, காலையில் கிடைக்கும் சில நிமிட இதத்தையும் ஏன் இழக்க வேண்டும்?’ என ஒருவர் கேட்டால் அக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நறுமணத்தை விரும்புவது நபிவழியில் போற்றப்படும் பண்பு. அடுத்த முறை தமக்குப் பிடித்ததை அவர் தேடி வாங்கட்டும், அதில் தடையில்லை. பிடிக்காததைச் சகித்துக்கொள்வதில் பெருமை கொள்பவரையும் நான் ஏற்கவில்லை; அவர் தம் பொறுமையை முகர்ந்து மகிழ்கிறார். இங்கே கேட்பது இவ்வளவே: விருப்பம் நம்மோடு வரட்டும், ஆனால் அது முன்னே நடந்து நம்மை இழுத்துச் செல்ல வேண்டாம். தன் விருப்பத்துக்காகப் பொய் சொல்லவும், வீணாக்கவும், எளியவர் கையில் திணிக்கவும் துணியாதவன் தன் மூக்கின் அடிமையல்லன்.

சில திங்களில் அந்தக் கட்டி தேய்ந்து மெல்லிய வில்லையாகும். பிறகு அதுவும் கரைந்து போகும். மணம் கடைசிவரை பிடிக்காமலே போகலாம். பிடித்தே ஆகவேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. அடுத்த கட்டியை வாங்கப் போகும்போது கடைக்காரரிடம், ‘முந்தியது நல்ல சோப்புதான், மணம்தான் எனக்கு ஒத்து வரவில்லை, வேறு இருக்கிறதா?’ என்று கேட்க முடிந்தால் போதும். அந்த வாக்கியத்தில் பொய்யில்லை, பழியில்லை. பொருளுக்கு உரியதைப் பொருளுக்கும், நமக்கு உரியதை நமக்கும் பிரித்துக் கொடுத்த நியாயம் அதில் உண்டு.